இரண்டு மீட்டர் பத்து

லியெபாயாவில், பழைய கப்பற்படை நீச்சல் குளத்தில்
தண்ணீர் வடிந்து பதினோரு வருடம்.
இன்று ராத்திரி எட்டு மணிக்குள்
அதை ஒலியால் நிரப்ப வேண்டும்.

இருபத்துநான்கு பெட்டிகள்.
எட்டு, குளத்தின் விளிம்பில்.
எட்டு, மாடத்துக் கம்பியில், கயிற்றுக் கட்டோடு.
ஆறு தரையில், மல்லாந்து.
மீதி இரண்டும் காதுக்கு அல்ல, வயிற்றுக்கு.
அவற்றை இறக்க நாலு ஆளும்
ஒரு கெட்ட வார்த்தையும் தேவைப்பட்டது.

இல்க்வார்ஸ் ஒவ்வொன்றாக இரைச்சலைத் திறக்கிறான்.
தகரக் கூரையில் மழை,
மூன்று விநாடி இந்த மூலையில், மூன்று விநாடி அந்த மூலையில்.
நான் ஆழமான முனையில் நின்று
கண்ணை மூடிக் கை நீட்டுகிறேன்:
அங்கே. அங்கே. அங்கே.
பிறகு இரண்டிரண்டாக.
பதினான்கும் பதினைந்தும் சேர்ந்தபோது
என் கைக்குத் திசை கிடைக்கவில்லை;
மழை மண்டைக்குள் பெய்தது.
யாரோ சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.
யாரோ என்றால், நான்தான்.
ஒன்று தள்ள மற்றது இழுத்தால்
நடுவில் காற்று என்ன செய்யும், பாவம்.

கிழக்குச் சுவர் மூன்று மீட்டர் நாற்பது கிட்டத்தில்.
ஆகவே அந்தப் பக்கத்துப் பெட்டிகள்
பத்து மில்லி விநாடி பொறுக்க வேண்டும்,
கடைசி ஆளுக்கும் பரிமாறும்வரை
கை நனைக்காத பந்தி மாதிரி.

ஐந்தரைக்கு தாக்னிஜா
தன் நாற்பது நிமிடத்தை ஓடவிட்டாள்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அடிச்சுரம் இறங்க
எங்கோ கிர்ர் என்றது.
இல்க்வார்ஸ் பெட்டிகளைச் சந்தேகித்தான்,
பிறகு கம்பிவடங்களை, பிறகு என்னை.
அந்த ஒற்றைச் சுரத்தை விடாமல் பிடித்துவைத்து
எல்லோருமாகக் குளத்துச் சுவரைத் தடவினோம்,
காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல
உள்ளங்கையால், ஓடு ஓடாக.
சாவி கொண்டுவந்த ஓயார்ஸும்
கோட்டைக் கழற்றாமலே சேர்ந்துகொண்டார்.
அவர் கையில்தான் அது சிக்கியது:
தலைக்கு மேலே, ஆழம் காட்டும் நீல எழுத்துகள், 2.10.
அதில் அந்த ஒன்று மட்டும் ஆடியது.
ஒரு பெட்டியின் மேல் ஏறி
வாயிலிருந்த சூயிங்கம்மைப் பின்னால் திணித்துக்
கட்டைவிரலால் அழுத்திவிட்டு
"இதற்கு ரசீது கிடையாது" என்றார்.

எட்டு மணிக்கு நூற்றுப்பத்துப் பேர்.
நாங்கள் அளந்துவைத்த எதிரொலியில் பாதியை
அவர்களுடைய கம்பளிக் கோட்டுகள் குடித்துவிட்டன.
எல்லாம் சரியாக வந்து சேர்வது
நட்டநடு நாற்காலி ஒன்றுக்குத்தான்.
அதில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டாம் நிமிடம்.
அடிச்சுரம் இறங்கியது, முழங்கால் வழியே.
நான் சுவரைப் பார்த்தேன்.

இருட்டில் அதே பெட்டியின் மேல்,
தண்ணீர் இருந்திருந்தால் கழுத்துக்கு வந்திருக்கும் உயரத்தில்,
ஓயார்ஸ்.
ஒரு கட்டைவிரல் அந்த ஒன்றின் மீது.
முகம் மட்டும் இந்தப் பக்கம்.