மிச்சமிருந்த விரல்கள்

மனாவ்ஸில் மூன்றாம் மாடி அறை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி.
தேர்தலுக்குப் பதினெட்டு நாள்.
மேசையில் ஆறு கைப்பேசிகள்,
எனக்குச் சம்பளம் ஒன்றுதான்.

படம் வந்தது.
பெருவெள்ளத்து வருடம், பழுப்பு ஆறு.
இடுப்பளவு நீரில் ஒரு படகோட்டி,
மார்போடு அணைத்த காலி அண்டா.
பக்கத்தில் சிரித்தபடி ஒரு பெண்:
ஆற்றோரச் சிற்றூரில் இப்போது
மேயர் பதவிக்கு நிற்கும் தால்வா.

அவளை எடுத்துவிடு என்றார்கள்.
வலப்பக்கம் ஒரே கோடு. எடுத்துவிட்டேன்.
அவன் முதுகைச் சுற்றிப் போன கை
மறுதோளில் நான்கு விரலாக எட்டிப்பார்த்தது.
அழிக்க நேரமாகும்; சோறு ஆறிக்கொண்டிருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.
மேலே மஞ்சள் எழுத்தில் போட்டேன்:
பசித்தவனைக் கைவிட்டாள் தால்வா.

சர்ச் குழு, கால்பந்துக் குழு,
யாருடைய பிரசவத்துக்கோ பணம் திரட்டிய குழு.
விடிவதற்குள் ஆறு போகாத ஊருக்கெல்லாம் போய்விட்டது.
ஒருவரும் கேட்கவில்லை
அந்த விரல்கள் யாருடையவை என்று.

ஐந்தாம் நாள் படகோட்டியே பேசினான்.
வால்டெனோர் என்று பெயர்.
மோட்டார் இரைச்சலில், கேமராவுக்கு மூக்கை மட்டும் காட்டி:
"அது நான்தான். அண்டா காலிதான்.
அரிசி வாங்கப் போகிறவன்
நிறைந்த அண்டாவையா கொண்டுபோவான்?
தோளில் இருப்பது அவள் கை."

சிரித்துவிட்டேன். நல்ல கேள்வி.
பிறகு வேலையைப் பார்த்தேன்.
ஆறு பெயரில், ஆறு விதமான எழுத்துப்பிழையோடு:
கைக்கூலி. எவ்வளவு வாங்கினாய்?
ஏழாவதாக ஒருவர் அதையே எழுதினார்.
அது நான் இல்லை.
எட்டாவது, அவனுடைய மைத்துனன்.

வாக்குப்பதிவு நாளில் நானும் வரிசையில் நின்றேன்.
எண்ணை அழுத்தினால் திரையில் முகம் வரும்,
தோளுக்குக் கீழே வெட்டிய முகம்.
பச்சைப் பொத்தான். கீச்சென்று ஒரு சத்தம்.
யாருக்கென்று சொல்லமாட்டேன்.

தால்வா தோற்றாள். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு.

கணினியின் குப்பைத்தொட்டியில்
வெட்டிய துண்டு இன்னும் கிடக்கிறது.
முழங்கையோடு முடிந்துபோன கை,
அது தெரியாமல் சிரிக்கிற பெண்.
முப்பது நாளில் தானாக அழிந்துவிடுமாம்.
இன்று இருபத்தாறு.

மீதிக் கை
எங்கோ ஆற்றின் நடுவில்,
யாரோ ஒருவனின் கைப்பேசிக்குள்,
ஈரத் தோளைப் பிடித்தபடியே இருக்கிறது.