கையெழுத்து வாங்கினவர்

வெள்ளவத்தை வெக்கையில்
போர்வை தைக்கிறாளாம் என்று
ஒழுங்கை முழுக்கச் சிரித்தது.
சிரிக்கட்டும்.
சல்தீன் போவது பண்டாரவளைக்கு,
மகள் வீட்டுக்கு.
அங்கே விடியப்புறம் வாயைத் திறந்தால்
புகை வருமாம்.

முப்பத்தொரு வருஷம்
சிவப்புச் சைக்கிள்,
காதில் செருகின பேனை,
"ரெஜிஸ்டர் தபால், சைன் ஒண்டு வைக்கோணும்."
ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு
படியிறங்குவோம்.
விசா வந்ததும், விவாகரத்து வந்ததும்,
தம்பியின் மரணப் பத்திரம் வந்ததும்
அந்தப் பேனையின் கீழேதான்.
அது எப்போதும் கொஞ்சம் கசியும்.

யோசனை என்னுடையதில்லை.
மூன்றாம் மாடி ஷிரோமி சொன்னாள்:
"அவர் வாங்கின கையெழுத்தெல்லாத்தையும்
திருப்பிக் குடுப்பமே."
சொல்லும்போது நல்லாய்த்தான் இருந்தது.
தைப்பது நான்.

வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி,
ஒரு சாண் சதுரம்.
பென்சிலால் கையெழுத்து வைத்துத் தந்தால்
மேலே சங்கிலித் தையல் ஓட்டுவேன்.
என்னுடைய சாண் என்று
சொல்ல மறந்துபோனேன்.
வந்தவை நாற்பத்தாறு, நாற்பத்தாறு அளவில்.
யன்னல் திரை, பள்ளிச் சட்டை,
கூறைச்சேலையில் வெட்டின ஒரு மூலை,
மரிசலீன் மாஸ்டரின் சாரத்தில்
பீடி சுட்ட ஓட்டையோடு ஒன்று.
"ஓட்டைக்கு இஞ்சால வைச்சிருக்கிறன், பார்."
சிட்னிக்குப் போய்விட்ட பன்னிரண்டாம் இலக்கம்
போனில் படம் அனுப்பியது.
கார்பன் தாள் வைத்து இறக்கினேன்.

பென்சில் கோட்டின் மேல் ஊசி போகப்போக
ஆளைத் தெரிந்துவிடும்.
நந்தாவதியின் சிங்கள எழுத்து
வட்டம் வட்டமாய்
நூலைக் குடித்துத் தள்ளியது.
வங்கி மனேஜரின் கையெழுத்தில் எழுத்தே இல்லை,
ஒரு பாம்பு, இரண்டு புள்ளி.
தனக்கு ஒரு தபாலும் வந்ததில்லை என்று அழுத
ஏழு வயது நஸ்ரின்
பெயரை இரண்டு தரம் எழுதினாள்.
மீன்காரர் செபமாலை பெருவிரல் பதித்தார்.
அந்த ரேகையைத் தைக்க
மூன்று இரவு, இரண்டு ஊசி.
இங்கே கடல் காற்றுக்கு
ஊசி பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

எட்டாம் இலக்கத்துத் தில்லைநாயகம்
கதவைப் பாதிதான் திறந்தார்.
"கையெழுத்தோ?
பொலிஸ் கொப்பியில வைச்சது காணும், தங்கச்சி.
லொட்ஜில வைச்சது, சென்றியில வைச்சது,
வாசிக்க விடாத கடுதாசியில வைச்சது.
இனிப் பென்ஷனுக்கு மட்டுந்தான்."
சாத்தினார்.

மறுநாள் என் மெஷின் மேல்
மடித்து வைத்த வெள்ளைத் துணி,
கஞ்சி போட்டு அழுத்தினது,
ஒரு எழுத்தும் இல்லாமல்.
அளவு மட்டும் அச்சொட்டாய் என் சாண்.
எப்படி அளந்தாரோ.

வெறுமையாய் விடுவதா என்று கேட்டார்கள்.
ஒரு பூவாவது தை என்றாள் ஷிரோமி.
நான் ஓரத்தை மட்டும் அடித்தேன்.

கடைசி நாள்
சல்தீன் பையைக் கழற்றிப் படியில் வைத்தார்.
போர்வையை விரித்ததும் பேசவில்லை.
தபால் பிரிப்பதுபோல
ஒவ்வொன்றாய் விரலால் தொட்டு
இலக்கம் சொன்னார், பெயர் சொல்லவில்லை.
பதினாலு. பதினாலு பின்வீடு.
இருபத்திரண்டு கீழ், இருபத்திரண்டு மேல்.
மனேஜரின் பாம்பைக்கூடத் தடுமாறாமல்.
வெள்ளைத் துண்டில் விரல் நின்றது.
"எட்டு" என்றார்.

பிறகு காதிலிருந்த பேனையை எடுத்து,
"நான் எங்க சைன் வைக்கிறது?"

பகிடி என்று சிரித்தோம்.
அவர் பேனையை மூடவில்லை.
பொருள் கைக்கு வந்தால்
கையெழுத்து வைக்காமல் கொண்டுபோகத் தெரியாது
அந்த மனிசனுக்கு.

நூல் கடைப் பில்லைத் திருப்பிக் கொடுத்தேன்.
முழங்காலில் வைத்து எழுதினார்.
எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னதாய்,
வலப்பக்கம் சரிந்து,
அதுவரைக்கும் எங்களில் ஒருத்தரும்
பார்த்திராத கையெழுத்து.

மெஷின் லாச்சிக்குள் இருக்கிறது அந்தப் பில்.
நூல் பன்னிரண்டு உருண்டை,
பஞ்சு மூன்று கிலோ,
பாக்கி நானூற்றெழுபது.
மை கொஞ்சம் கசிந்திருக்கிறது.