காரணம் (சுருக்கமாக)

வலயக் கல்வி அலுவலகத்தின் படிவத்தில்
அது ஏழாவது கேள்வி.
விடைக்கு விட்டிருந்த இடம்
ஒரு தீப்பெட்டி அகலம்.

மற்றதெல்லாம் எழுதியாயிற்று.
செவ்வாய், நான்காம் பாடவேளை, தரம் பத்து இ.
கணிதம். ஆசிரியர் லீவு.
ஆயுதம்: கவராயம்,
பாகைமானியோடு ஒரே பெட்டியில் விற்பது.
காயம்: வலத் தோளில் நான்கு துளை.
காயப்பட்டவர் அபிநயன்.
மற்றவர் லதுர்சன். எழுதும்போது
ஓர் எழுத்து விட்டுப்போய்
மேலே செருகினேன்.

காரணம்.

போன் என்றார் அதிபர்.
கொழும்பிலிருந்து வந்த உளவளத்துணையாளர்
சுவரில் மூன்று வட்டம் போட்டுக் காட்டினார்.
மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடம்
கண் மாதிரி இருந்தது.
அதற்குள் ஒருவரும் இல்லை.
ஐஸ் பாவிக்கிறானோ என்று
உவர்மலைச் சந்தித் தேநீர்க்கடையில் கேட்டார்கள்.
சலம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை.
கேட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
யுத்தம் என்றார் வரலாறு படிப்பிப்பவர்.
பெடியன் பிறந்ததே அது முடிந்து இரண்டாம் வருடம், சேர்.
"அதைத்தான் சொல்லுறன்" என்றார்.

தகப்பன் வந்தார்.
சீனக்குடா மாவாலையில் இரவு வேலை;
காது மயிரில் இன்னும் மா.
ஏன் என்று கேட்கவில்லை,
"செலவு எவ்வளவு, சேர்?"
பிறகு வேறு யாருக்கோ சொல்வது போல,
"நான் பகல்ல படுக்கிறனான்.
வீட்டில சத்தமே போடாத பிள்ளை."

பாலையூற்றில் அந்த வீடு எனக்குத் தெரியும்.
ஜன்னலில் கறுப்புப் பொலித்தீன்.
கரண்டி தட்டில் படாமல் சாப்பிட
ஒருவன் அங்கே பழகியிருக்கிறான்.
இதை எழுதலாம் என்றிருந்தேன்.
ஆனால் அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடு,
அதே மாவாலை, அதே பகல் நித்திரை.
அதிலொரு பிள்ளை
மாகாண மட்டத்தில் சதுரங்கம் ஆடுகிறான்.

முதல் வரைவைக் கசக்கி வெளியே எறிந்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்,
கொம்பில் நைலோன் வலைத்துண்டு தொங்க,
வந்து தின்றது.
இரண்டாவதையும் தின்றது.
இந்த ஊர் மான்களுக்குக் கடுதாசி பழக்கம்.
தேர்தல் நோட்டீஸ், மரண அறிவித்தல்,
எதற்கும் ஒரே மெல்லல்.

விசாரணையில் லதுர்சன்
வாய் திறந்தது ஒரு தரம்தான்.
"அபிநயன் இடக்கையால எழுதிறவன், சேர்.
சோதினை எழுதலாம்தானே?"
ஒழுக்காற்றுக் குழு அதைப் பதியவில்லை,
கேட்ட கேள்விக்கு அது விடையில்லையாம்.

இனி, நான்.

திங்கள் காலைக்கூட்டம்.
கொலரைத் தொடும் தலைமயிர் என்று
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால்
அவனை மேடைக்குக் கூப்பிட்டவன் நான்.
இடப்பக்கம் மட்டும் வெட்டினேன்.
"மிச்சத்தை வீட்ட போய் வெட்டிக்கொண்டு வா."
பகிடி. எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
அபிநயன் கூடச் சிரித்தான் என்கிறார்கள்;
முன்வரிசை, அதனால் கண்ணில் பட்டிருப்பான்.
அரைத் தலையோடு அவன்
பஸ் ஏறாமல் நடந்தே போயிருக்கிறான்.
வீட்டில் கத்தரிக்கோல் அலுமாரிக்குள்.
அந்த அலுமாரி திறந்தால் கிறீச்சிடும்.
அப்பா நித்திரை.
திறந்தானா, தெரியாது.
செவ்வாயும் அரைத் தலையோடுதான் வந்தான்.

என் பெயரை எழுதலாம்.
தீப்பெட்டிக்குள் அளவாய் அடங்கும்,
எழுதிவிட்டு நிம்மதியாய்ப் படுக்கவும் முடியும்.
அதுதான் பயம்.
நான் சிரித்த சிரிப்பு ஒன்று.
மிச்சம் ஐந்நூறுக்கு மேல்.

நாலு மணி. பியூன் கதவு பூட்டக் காத்திருக்கிறார்.
ஏழாவது கேள்வி வெறுமையாய்க் கிடக்கிறது,
மான் ஜன்னலடியில் நிற்கிறது.

நாளை தரம் ஒன்பதுக்குத் தலைமயிர் பார்க்கும் நாள்.
கத்தரிக்கோல் லாச்சிக்குள் இருக்கிறது,
அதன் ஆணியில்
இன்னும் சிக்கியபடி இரண்டு மயிர்.