நாலிலிருந்து ஐந்துக்கு

வாழைச்சேனைத் துறைமுகம், சங்கக் கட்டடம்,
ஐஸ் அறைக்குப் பின்னால் ஒரு மூலை.
சேவர் என்று நாங்கள் சொல்வது
பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியைத் திருப்பிவிட்ட
பழைய கம்பியூட்டர் ஒன்றை.
உப்புக் காற்றில் அதன் ஆணிகள் துருவேறி
தொட்டால் விரலில் மஞ்சளாய் ஒட்டும்.

போட்டுகள் போய்விட்டன. விடியும் வரை
யாரும் டீசல் பில் கேட்கமாட்டார்கள்.
நாலாம் பதிப்பை மூடி ஐந்தை ஏற்ற
இதைவிட நல்ல நேரம் வராது.
இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன்.
ஒன்று மேசையில்,
மற்றது கைப்பைக்குள், அடகுச் சீட்டோடு.

அமைப்புக் கோப்பு எண்ணூற்றுப் பதின்மூன்று வரி.
எனக்கு முன் இதைப் பார்த்தவர் ஜெசீல்.
இப்போது கட்டாரில் ஏதோ ஹோட்டலுக்குக் கமரா பூட்டுகிறார்.
ஹாஷ் குறி போட்டு எழுதி வைத்திருக்கிறார்:

# நாற்பத்தைந்து செக்கன். குறைக்க வேண்டாம்.
# கரண்ட் போனால் பாறூக் நானா கேற்றிலிருந்து
# ஓடி வந்து ஜெனரேட்டர் இழுக்க வேணும்.
# அவருக்கு முழங்கால் வருத்தம்.

மாற்றும் கருவி எல்லாவற்றையும் வாசித்தது.
செக்கனைக் கொண்டுபோனது.
முழங்காலை விட்டுவிட்டது.

பெயர் மாறிய சொற்கள், இடம் மாறிய சொற்கள்,
ஒன்றாய் இருந்து இரண்டாய்ப் பிரிந்தவை.
கடவுச்சொல் இனித் தனி வீட்டில் இருக்குமாம்.
சிவப்பு. சிவப்பு. மறுகாவும் சிவப்பு.
ஒரு இடைவெளி கூடிப்போனதைக் கண்டுபிடிக்க
முக்கால் மணித்தியாலம்.
பன்னிரண்டரைக்குப் பச்சை வந்தது,
ஒரு வரியைத் தவிர.

அறுநூற்று இரண்டாம் வரி:
0288, அலாரம்: ஊமை.

அதன் மேல் ஹாஷ் குறி மட்டும். பக்கத்தில் எழுத்தில்லை.
தவபாலனின் போட்.
ஆறு வருசத்துக்கு முன் கார்த்திகைக் காற்றில் போனது.
அதன் பிறகும் இரவு இரண்டு நாற்பதுக்கு
கரை தொடவில்லை, கரை தொடவில்லை என்று
முப்பது பேரின் போனிலும் அடித்துக்கொண்டிருந்ததாம்,
ஜெசீல் அதன் வாயைக் கட்டும் வரை.

ஐந்தாம் பதிப்பில் ஊமை கிடையாது.
ஒன்று, போட்டை அழி.
இல்லையென்றால் ஒருவர் பெயரில் அலாரத்தை ஒப்படை.

அழித்தால் சந்தாக் கணக்கும் சேர்ந்து போகும்.
திரேசம்மா இன்னும் மாதம் நூற்றைம்பது கட்டுகிறா,
ஐந்தாம் திகதி, சில்லறையாய்.
ரசீதில் போட் நம்பரை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான்
குடையை விரிப்பா.

ஜெசீலுக்கு வொய்ஸ் அனுப்பினேன். அங்கே பத்து மணி.
"அந்த ஒண்டுக்குத்தான் என்ன எழுதுறெண்டு
எனக்கு விளங்கல்ல, புள்ள" என்றார்.
பின்னால் ஏதோ லிப்ட் திறந்து மூடும் சத்தம்.

பொறுப்பாளர் என்ற கட்டத்தில்
என் போன் நம்பரை அடித்தேன்.
பழைய பதிப்பை அழிக்கவில்லை,
ஒரு மாதம் கிடக்கட்டும்.
பாறூக் நானாவின் முழங்காலைப்
புதுக் கோப்பில் கையால் எழுதிவிட்டு
ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

இரண்டு நாற்பதுக்குத் தலைமாட்டில் போன் அதிர்ந்தது.
"ஆருகா இந்த நேரத்தில?" என்றார் இவர், கண் திறக்காமல்.
"வேலைதான். ஒரு போட் இன்னும் வரல்ல."
"வந்துரும்" என்றார். "படு."