கையெழுத்து பொருந்தவில்லை

மாதம் ஏழாம் தேதி காலை
செல்போன் ஒருமுறை இருமும்.
ஐந்நூறு போய்விட்டது என்று அர்த்தம்.
அந்நேரம் நான் பல்லாவரம் பாலத்தடியில்
கம்பெனி வேனுக்கு நின்றிருப்பேன்,
டிபன் பாக்ஸ் சூடு இடுப்பில் பட.

ஏழு வருடம்.
வேறு யாரும் என்னிடம் இத்தனை ஒழுங்காக
வாங்கிப் போனதில்லை.

அதற்கு முன்னால் தீபாவளிச் சீட்டு.
நாகல்கேணியில் சீட்டுப் பிடித்த பரிமளம்
ஐப்பசி பிறக்கும் முன்பே வீட்டைப் பூட்டிப் போனாள்.
ரெண்டு கிராம் காசு, பித்தளை அண்டா,
ஒரு பெட்டி பட்டாசு
எல்லாம் அட்டையிலேயே வெடித்தன.
நாற்பது பெண்கள் அந்தப் பூட்டை ஆட்டிப் பார்த்தோம்.
நல்ல பூட்டு.
அதுவும் எங்கள் காசுதான்.

பிறகுதான் ஜபருல்லா.
டீக்கடை மாடியில் ஒரு மேஜை, ஒரு ஃபேன்.
"இது சீட்டு இல்ல. ஓடிப்போக இதுக்குக் காலும் இல்ல."
படம் ஒன்று காட்டினார்: அரை வட்டம்,
பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது, நடுவில் முள்.
ஆட்டோ மீட்டரா என்றேன்.
"மெட்ராஸ்ல ஒழுங்கா ஓடுற ஒரே மீட்டர்."
முள் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தது.
அப்படியே கிடக்கட்டும் என்றேன்.
ஓங்கி வளர வேண்டாம், இருந்தால் போதும்.

ஒரு மாதம் பதினாலு ரூபாய் குறைந்தது.
பதினாலு ரூபாய்க்கு ஓர் இரவு முழுக்க விழித்திருந்தேன்.
மழையில் கம்பெனி மூடிய டிசம்பரில்
கணக்கில் முந்நூற்றுப் பத்துதான் இருந்தது.
ஐந்நூறு இல்லாததற்கு
அபராதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு.
ஃபண்டு அல்ல, வங்கி எடுத்தது.
எந்தப் பக்கமிருந்து வரும் என்று
அந்த முள்ளுக்கும் தெரியாது.

இப்போது குரோம்பேட்டையில் ஓர் அறை.
தண்ணீர் வரும், ஜன்னல் உண்டு, அட்வான்ஸ் ஐம்பதாயிரம்.
படிவம் கொடுத்தேன். திரும்பி வந்தது:
கையெழுத்து பொருந்தவில்லை.

தி.நகர் அலுவலகத்தில் கவுண்டர் பெண்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
கட்டத்துக்குள் ஏழு வருடத்துக்கு முந்தைய நான்:
தேவகிருபை அற்புதராஜ்.
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே,
புள்ளி தவறாமல், கோட்டைத் தொடப் பயந்து.
"மெதுவா, மெதுவா" என்று ஒருவர்
பக்கத்தில் நின்று சொன்னது நினைவிருக்கிறது.

இப்போது நான் போடுவது ஒரு சுழி, ஓர் இழுப்பு.
நாளுக்கு நானூறு ஷூவின் மேல்தோல் தைத்து
எண்ணிக் கையெழுத்திடுகிறவளுக்குப்
புருஷன் பெயர் வரை போக நேரமில்லை.
செத்துப்போகவில்லை அவர்.
திருநின்றவூரில் இருக்கிறார்.

"பழைய மாதிரியே ஒண்ணு போட்ருங்கக்கா, அஞ்சு நிமிஷம்.
இல்லன்னா பேங்க்ல அட்டெஸ்ட் வாங்கி மாத்தணும்.
ஒரு வாரத்துக்கு மேல ஆகும்."

டோக்கன் சீட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன்.
மூன்றாம் தடவை அச்சாக வந்துவிட்டது,
நடுக்கம் உட்பட.
இவ்வளவு சுலபமா என்று
வயிற்றைப் பிசைந்தது.

மாற்றுகிற படிவம் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் செல்போன் இருமியது,
இந்தத் தடவை வந்ததற்கு.
நாற்பத்தோராயிரம் போட்டிருந்தேன்,
ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
காத்திருந்த ஒன்பது நாளுக்கு மட்டும்
எண்பது ரூபாய்க்குக் கிட்ட என்று
ஜபருல்லா கால்குலேட்டரைக் காட்டினார்.
கீழே போய் அவருக்கும் எனக்கும் டீ சொன்னேன்,
ரெண்டு சமோசாவும்.

அட்வான்ஸ் தாளில்
ஒரு சுழி, ஓர் இழுப்பு.
வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"பேரே புரியலையேம்மா."
சாவியை வாங்கிக்கொண்டேன்.

மீதி ஆயிரத்து எண்ணூறு.
இன்னும் மூன்று ஏழாம் தேதி தாங்கும்.