நாற்பத்தொரு லிட்டர்

ஜெலுத்தோங். இரவு பன்னிரண்டு.
இரண்டாம் தொட்டியின் மூடியைத் திறந்து
பித்தளைக் கோலின் நுனியில்
பட்டாணி அளவு பசை தடவுகிறேன்.
தண்ணீர் பட்டால் சிவக்கும்.
பெட்ரோல் பட்டால் பேசாமல் இருக்கும்.

கோல் அடியைத் தொடும் சத்தம்
முழங்கை வரை ஏறி வருகிறது.
தூக்கி, ஈரம் முடிந்த இடத்தில்
கட்டைவிரல் வைத்து,
விளக்கடியில் அளவு பார்க்கிறேன்.

காலையில் இருந்தது,
கூட்டு லாரி இறக்கியது, கழி விற்றது.
ஏடு ஒன்று சொல்கிறது.
கோல் இன்னொன்று சொல்கிறது.
நடுவில் நாற்பத்தொரு லிட்டர்.

லாரிக்காரர் தர்மலிங்கத்தைக் கேட்டேன்.
பிறையிலிருந்து பாலம் தாண்டி
வெயிலில் உப்பி வருகிற எண்ணெய்
மண்ணுக்குள் போனால் சுருங்கத்தானே செய்யும் என்றார்.
சுருங்கும். எனக்கும் தெரியும்.
ஆனால் லாரி வராத நாளிலுமா?

முதலாளி தியோ கணக்கே பார்க்கவில்லை.
"ராத்திரியில் யார் இருக்கிறார்கள்?
நீ. அந்த நேப்பாளி."
என் பெயரை முதலில் சொன்னதற்கு
அடுத்த நொடியே சிரித்துச் சமாளித்தார்.
தில்பகதூருக்குச் சிரிப்பு கிடைக்கவில்லை.
அவன் கையில் மஞ்சள் தோம்பைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.
கார் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் அதில்.
முகர்ந்து பார்த்தவர் யாருமில்லை.
சம்பளத்தில் நூற்று எண்பது வெள்ளி வெட்டி
சுங்கை பட்டாணி கிளைக்கு
பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அவன் போன பிறகும்
நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று.

கல்லாவுக்குப் பின்னால்
பிஸ்கட் கடைக்காரர் கொடுத்த சீனக் காலண்டர்.
தேதிக்கு அடியில் பொடி எழுத்தில் இன்னொரு தேதி,
நிலாவின் தேதி.
பசை சிவந்த இரவுகளுக்கு
பென்சிலில் ஒரு புள்ளி வைத்து வந்தேன்,
வேறு எதற்காகவோ.
ஒருநாள் ரொட்டி சானாய் தின்றுகொண்டே பார்த்தால்
புள்ளிகள் எல்லாம்
அமாவாசையிலும் பௌர்ணமியிலும் உட்கார்ந்திருந்தன.

பின்பக்கத்துப் பெரிய சாக்கடைக்குப் போனேன்.
நடுநிசியில் கடல் அதற்குள் ஏறி
விளிம்பில் நின்றது.
விடியற்காலை ஆறு மணிக்குச் சேறுதான்.
சேற்றின் மேல்
வானவில் நிறத்தில் ஒரு சவ்வு.

அடுத்த பௌர்ணமிக்கு
ஆறு பம்பையும் பூட்டினேன்.
சாவியைத் தியோவின் கையிலேயே கொடுத்து
நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.
பன்னிரண்டு மணிக்குக் கோல்: இரண்டு விரல் சிவப்பு.
ஆறு மணிக்குக் கோல்:
ஒரு மோட்டார் சைக்கிளுக்குக்கூட ஊற்றாமல்
மட்டம் இறங்கியிருந்தது.
தியோ கோலை என்னிடமிருந்து வாங்கி
தானே ஒருமுறை விட்டுப் பார்த்தார்.
பிறகு சட்டைப்பையில் எதையோ தேடினார்.
சாவி அங்கேதான் இருந்தது.

தோண்டினார்கள்.
பக்கவாட்டுப் பற்றவைப்பில்
பாசிப்பயறு நுழையும் துளை.
கடல் ஏறினால் தண்ணீர் உள்ளே வந்து அடியில் படுக்கும்.
கடல் இறங்கினால் எண்ணெய் வெளியே போகும்.
பத்து மாதமாய் எங்கள் தொட்டி
நிலாவுக்குக் கணக்கு வைத்திருக்கிறது.

புதுத் தொட்டிக்கு இரட்டைச் சுவர்.
இரண்டுக்கும் நடுவில் ஈரம் பட்டால்
கல்லாவில் மணி அடிக்கும்.
கோலைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னார்கள்.
நான் இன்னும் விட்டுப் பார்க்கிறேன்.
மணியை அணைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது,
தியோவின் விரலுக்கு எட்டும் இடத்தில்.

மாத முடிவில் ஏட்டைக் கூட்டுகிறேன்.
வித்தியாசம்: மூன்று லிட்டர். வெப்பம்.
அதற்குக் கீழே
போன மாதத்திலிருந்து கொண்டு வந்த வரி:
தில்பகதூருக்குத் தர வேண்டியது, வெள்ளி 180.
தியோ ஒருமுறை அதன் மேல் கோடு இழுத்தார்.
அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதினேன்,
சிவப்பு மையில்.