மண்பானை, ஒன்றரை அணா

நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
பள்ளி வரலாறு நான்கு பக்கம் வேண்டுமாம்.
நான் இளநிலை உதவியாளன்.
மாற்றுச் சான்றிதழ் தவிர
எதுவும் எழுதிப் பழக்கமில்லை.
ஆனால் அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

மூன்று நாளாய்த் தும்மல்.
கரையான் தின்றது போக
சேர்க்கைப் பதிவேடு பதினொன்று,
சில்லறைச் செலவு நோட்டு இரண்டு,
தண்டனைப் புத்தகம் ஒன்று.

ஆரப்பாளையத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
கீற்றுக் கொட்டகை, பையன்கள் பதினேழு பேர்
என்று தொடங்கினேன்.
கொட்டகை எரிந்தது, ஓடு வந்தது.
வெள்ளம் வந்தது, மாடி வந்தது.
விடுதி. தச்சுப் பட்டறை. பாண்டு வாத்தியம்
(டிரம்பெட் இரண்டு, கப்பலில் வந்தவை, ஒன்று ஊதாது).
பாஸ்கா நாடகத்தில்
யூதாஸாக எவனும் சம்மதிக்காமல்
கணக்கு வாத்தியாரே முத்தமிட்ட வருடம்.

‘பள்ளியை விட்ட காரணம்’ என்ற கட்டத்தில்
காலரா, ரங்கூன், தறி, மறுபடி தறி.
ஒரு பையனுக்கு மட்டும் நீளமாக:
‘தகப்பன் இரவில் போலீஸ் கொட்டடியில்
படுக்கவேண்டி இருப்பதால்
ஆட்டுக்குக் காவல் இல்லை.’
எழுத்து அவ்வளவு அழகு, கொக்கி கொக்கியாக.

செலவு நோட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
முப்பத்து மூன்றாம் வருடம், ஜூலை.
‘வேப்பமரத்தடிப் பானை உடைந்ததற்கு மாற்று,
ஒன்றரை அணா.’
ஒன்பது நாள் கழித்து அதே வரி.
ஆகஸ்டில் இரண்டு. செப்டம்பரில் இரண்டு.
வராந்தாப் பானைக்கோ
அந்த வருடம் ஒரு காசு செலவில்லை.

பானை எதற்கு இரண்டு என்று
நோட்டில் இல்லை.
எல்லாருக்கும் தெரிந்ததை
எவன் மை செலவழித்து எழுதுவான்?

தண்டனைப் புத்தகத்தோடு தேதி வைத்துப் பார்த்தேன்.
ஞா. பஸ்தியான், ஏழாம் வகுப்பு, ஆறு அடி.
‘கை தவறியது என்கிறான்.’
மறுபடியும் பஸ்தியான், பன்னிரண்டு அடி.
மறுபடியும் கை தவறியிருக்கிறது.
ஆகஸ்டு இரண்டுக்கும் கி. சம்மனசு.
அப்புறம் பஸ்தியானே, எத்தனை அடி என்ற இடத்தில்
கரையான்.
உடைத்த நாளெல்லாம்
தாகம் அவர்களுக்குத்தான் என்பது
எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆறாவது பானை: கே. வி. துளசிராம்.
பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை.
அவன் தண்ணீர் குடித்தது வராந்தாவில்.
வேப்பமரத்தடிக்கு அவன் ஏன் போனான்?
‘காரணம் சொல்ல மறுத்தான். ஆறு அடி.’

ஏழாவது பானை, அக்டோபர் மூன்று.
பெயர் இல்லை. அடி இல்லை.
காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.
கீழே தலைமையாசிரியர் தெல்மாஸ் சாமியின் கையெழுத்து,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி.
எட்டாவது பானை வாங்கவில்லை.
டிசம்பரில் முனிசிபல் குழாய்.

மலர்க் குழுவில் வாசித்தேன்.
தாளாளர் கண்ணாடியைக் கழற்றி
அங்கியிலேயே துடைத்தார்.
“பானை எதுக்கு சார் இப்ப?
குழாய் மட்டும் போடுங்க.
ரோபோ ஆய்வகம், என்.சி.சி., சாரணர்,
நீட் வகுப்பு எல்லாம் கலர் போட்டோவோட வரட்டும்.”

குழாய் மட்டும் போட்டேன்.

வெளியே தண்ணீர் மணி அடித்தார்கள்.
அறுநூறு பையன்கள்,
ஒருவன் சட்டையில் ஒருவன் துப்பிக்கொண்டு.

மெய்ப்பு வந்தது.
தாளாளர் தன் பெயருக்கு முன்னால்
‘அருட்பணி’ விட்டுப்போனதைத் திருத்தினார்.
நன்கொடையாளர் பட்டியலில்
எல்லாரும் தன் பெயரை மட்டுமே தேடுவார்கள்,
இருபது வருட அனுபவம் எனக்கு.
எழுபத்தொன்றாம் பக்கம், கடைசிப் பத்தி,
பொடி எழுத்து:

குடிநீர்க் குழாய் வகைக்கு
ஞா. பஸ்தியான், நாலரை அணா.
கி. சம்மனசு, மூன்று அணா.
கே. வி. துளசிராம், ஒன்றரை அணா.
பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்,
ஒன்றரை அணா.